தங்கபாய்க்கு ஒரு பிளாஸ்க் வெள்ளம்

மனைவி தங்கபாயை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் ஞானசிங் அருமனையில் பஸ் ஏறும்போது கையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, அவளுடைய மாற்று நைட்டியும் துவர்த்துத் துண்டும் வைத்த துணிப்பை. மற்றது, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட பெரிய பிளாஸ்க். ஆடி மழையில் ரோடு முழுக்கக் குழி. பஸ் விழுந்து எழும்பும்போதெல்லாம் பை உருண்டால் உருளட்டும் என்று விட்டுவிட்டு அவர் பிளாஸ்கைத்தான் பிடித்தார். தங்கபாய் அன்று முழுக்கக் குடிப்பதற்கான வெள்ளம் அதில் இருந்தது.

குடிக்கிற தண்ணீரை அந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். பச்சைத் தண்ணீரை அப்படியே குடிக்கிற வழக்கமும் அங்கே இல்லை. சீரகமோ பதிமுகப் பட்டையோ போட்டுக் கொதிக்க வைத்து, நிறம் இறங்கினால்தான் அது வாயில் வைக்கிற வெள்ளம். விருந்தாளிக்குப் பச்சைத் தண்ணீரை நீட்டிய வீட்டைப் பற்றி ஊரில் நாலு நாளாவது பேச்சு இருக்கும். ஞானசிங்கின் வீட்டில் மட்டும் சீரகமும் இல்லை, பதிமுகமும் இல்லை. மங்குஸ்தான் பழத்தின் காய்ந்த தோல். அதை அவர்கள் தொலி என்பார்கள். அவர் நட்ட மரம், அவர் பறித்த பழம், அவர் நிழலில் உலர்த்திய தொலி, அவர் கையால் காய்ச்சிய வெள்ளம்.

தங்கபாய் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலில் பல் தேய்க்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம். பிறகு கையிலும் தொடையிலும் அடிபட்ட தடம்போல் கருநீலப் பாடுகள். எங்கும் இடித்துக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து ஒழுகத் தொடங்கியது. முந்தானை நனைந்தது, பக்கத்தில் இருந்தவளின் கைக்குட்டை நனைந்தது, ஆராதனை முடிந்து சனம் வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை. அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

ஒன்றரை வருடம் முன்பு திருவனந்தபுரத்தில் அவளுடைய இருதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் வால்வில் கட்டும். மேலே போனால் உடம்பில் எங்கிருந்தாவது ஒழுகும். ஞாயிற்றுக்கிழமை தங்கபாயின் எண் ஏழு.

அன்று சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போய்த் துணியும் வெள்ளமும் எடுத்து வந்த பிறகு, டாக்டர் ஜெனிலா கேட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். “நாட்டு மருந்து, கஷாயம், லேகியம், ஆளாளுக்குச் சொல்ற பொடி, இப்படி ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒண்ணும் இல்ல டாக்டரே.”

அவர் பொய் சொல்லவில்லை. இதை நம்பித்தான் ஆக வேண்டும். கஷாயம் என்றால் அவருக்கு, சுண்டக் காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் குடிப்பது. லேகியம் என்றால் டப்பாவில் வருவது. வெள்ளம் எந்தக் கணக்கில் வரும்? மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டால் யாராவது சோற்றைச் சொல்வார்களா? டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், இளம் சிவப்பாக, முக்கால் கிளாஸ் வெள்ளம் மூடி வைத்திருந்தது. அவள் பேனாவைத் திறப்பதற்கு அந்த கிளாஸைத்தான் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஞானசிங்குக்கு அறுபத்திரண்டு வயது. குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். எஸ்டேட் பங்களாவின் பின்னால் ஒரு பழைய மங்குஸ்தான் மரம் நின்றது. அதன் அடியில் முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, 2009இல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேலை செய்கிறவனுக்கு இது ஒரு கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்குஸ்தான் கன்று லேசில் வளராது. வெயில் பட்டால் கருகும், தண்ணீர் கட்டினால் அழுகும். ஓலை வைத்து மறைத்து, சருகு போட்டு மூடி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தும் நாலு வருடத்தில் முழங்கால் உயரம்தான் வந்தது.

பதினோரு வருடம் அது காய்க்கவில்லை. பக்கத்து விளையில் வீடும் தோட்டமுமாக இருக்கிற ரசலையன், சின்ன வயசிலிருந்தே கூட்டாளி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேலி பண்ணாத நாள் கிடையாது. “சிங்கே, அதுல காய் வாறதுக்குள்ள நமக்கு ரெண்டு பேருக்கும் கல்லறையில புல்லு மொளச்சிரும். வெட்டி வெறகாக்கு டே.” ஞானசிங் மரத்தைச் சுற்றி வந்து ஒரு காய்ந்த இலையை எடுத்து எறிவார்.

பன்னிரண்டாம் வருடம் பதினேழு பழம். அடுத்த வருடம் நூற்றுக்கு மேல். பழத்தின் அடியில் பூப்போல ஒரு அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. வருகிறவர்களிடம் “இதுல ஆறு” என்று முதலில் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டுவார். எண்ணிப் பார்த்தால் ஆறு இருக்கும். ஏதோ அவரே உள்ளே அடுக்கி வைத்ததுபோல் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் ரசலையனுக்கு வயிறு கலங்கி மூன்று நாள் நிற்காமல் போனது. எஸ்டேட்டில் பழைய ஆட்கள் செய்து பார்த்த ஞாபகத்தில், காய்ந்த தொலியைக் கொதிக்க வைத்து ஞானசிங் கொண்டுபோய்க் கொடுத்தார். நின்றுவிட்டது. தானாகவே நின்றிருக்கலாம், மூன்று நாளுக்குப் பிறகு பெரும்பாலும் நிற்கும். ஆனால் ரசலையன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கேலி பண்ணினவனே சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? வாய்ப்புண்ணுக்கு, வயிற்றுக்கு, ஆறாத புண்ணுக்கு என்று ஆள் வரத் தொடங்கியது. ஞானசிங் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தொலி போட்டு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். மங்குஸ்தான் சிங் என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. போனில் யாரோ அனுப்பிய வீடியோக்களும் சேர்ந்துகொண்டன. ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், இருதயத்துக்கு நல்லது என்று வெள்ளை கோட்டு போட்ட ஒருவர் அதில் அடித்துச் சொன்னார். இருதயம் என்ற சொல்லைக் கேட்டதும் ஞானசிங் அதை மூன்று தடவை பார்த்தார்.

தங்கபாய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பாரம் தூக்கக் கூடாது, அடுக்களைப் பக்கம் மூன்று மாதம் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருடத்தில் ஞானசிங் ஒரு நாளும் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. கேட்டால் வெட்கமாகக்கூட நினைக்க மாட்டார், அந்தக் காலத்து ஆள் அப்படித்தான். சோறும் கறியும் ரசலையனின் மருமகள் வைத்துக் கொடுத்தாள். வெள்ளம் காய்ச்சுவதை மட்டும் ஞானசிங் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் நாள் கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடி, புருவத்தில் பாதியைக் கருக்கினார். மூன்றாம் மாதத்தில் எந்தச் சத்தம் வந்தால் தீயைக் குறைக்க வேண்டும் என்பது வரை தெரிந்துகொண்டார். முதலில் சீரகம். ஆனி மாதம் மரம் பழுத்ததும் சீரகத்தை நிறுத்திவிட்டுத் தொலி போட ஆரம்பித்தார். தங்கபாயின் மூன்று மாதம் எப்போதோ முடிந்து அவள் அடுக்களைக்குத் திரும்பியும், வெள்ளம் மட்டும் அவர் விடவில்லை.

மாத்திரை விஷயத்திலும் அவரிடம் குற்றம் சொல்ல முடியாது. சுவரில் சர்ச் காலண்டர் தொங்கியது. மாத்திரை கொடுத்த கையோடு அந்தத் தேதியில் பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை. ஒன்றரை வருடத்தில் ஒரு தேதிகூட வெறுமையாக இல்லை.

அதனால்தான் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது அவருக்குச் சுட்டது. டாக்டர் ஜெனிலா ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். “மாத்திரைய நிறுத்தியாச்சு. கொஞ்சமாவது குறையணும். ஏழு, ஆறு புள்ளி எட்டு, அங்கயே நிக்குது. வீட்டுல இருந்து கொண்டு வந்த மாத்திரைய நீங்க குடுக்கிறீங்களா?”

“நான் எதுக்குக் குடுக்கேன்?”

“மறந்து போயி, பழக்கத்துல.”

அவள் சொன்னதும் நர்ஸ் வந்து பையைக் கொட்டிப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் கை விட்டாள். மேசை டிராயரைத் திறப்பதற்காகப் பிளாஸ்கைத் தூக்கி ஜன்னல் படியில் வைத்தாள், டிராயரைத் துழாவினாள், மறுபடி பிளாஸ்கை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். பழைய மாத்திரை அட்டை ஒன்று பையின் ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போனாள். வார்டில் இருந்த மற்ற நோயாளிகளும் கூட இருக்கிறவர்களும் ஞானசிங்கைப் பார்த்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எனக்க பெண்டாட்டிக்கு நான் தெரியாம மாத்திர குடுத்துருவேனா? என்னப் பாத்தா கள்ளன் மாதிரி இருக்கா?” என்றார், நர்ஸ் வாசலைத் தாண்டிய பிறகு.

“செரி விடுங்க. அவிய அவியளுக்க வேலயச் செய்யாவ” என்றாள் தங்கபாய். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் குரல் அடைத்து வந்தது. அவர் அதே கோபத்தோடு ஒரு கிளாஸ் வெள்ளம் ஊற்றி நீட்டினார். அவள் எழும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுவதையும் குடித்தாள்.

சாயங்காலம் குவைத்திலிருந்து மகள் அஞ்சு போனில் வந்தாள். அவளும் நர்ஸ். முகம் தெரிகிற போனில் அம்மாவின் கைப்பாடுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“அப்பா, அம்மைக்கு சாப்பாட்டுல புதுசா ஏதாவது சேத்தியளா? மூட்டு வலிக்கு யாராவது எதாவது தந்தாவளா?”

“ஒண்ணும் இல்ல மக்கா.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்கப்பா. சும்மா எண் இப்பிடி ஏறாது.”

“இல்லண்ணு சொல்லுகேன்லா. நீ உனக்க டூட்டியப் பாரு. இஞ்ச நான் இருக்கேன்.” போனை வைத்த பிறகு, இந்தப் பிள்ளையும் என்னைச் சந்தேகப்படுகிறதே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவர் பஸ் இறங்கி வார்டுக்கு வரும்போது எண் மறுபடி ஏறியிருந்தது. ஆறு புள்ளி ஒன்பது. தங்கபாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் தேங்காய்ப்பட்டணத்துக்காரி ஒரு உம்மா. காலில் ரத்தம் கட்டி வந்து சேர்ந்திருந்தார். கூட இருந்தது மகள் ரஸீனா. அவள் வெறும் பாட்டிலோடு வந்து நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் வெள்ளம் இருக்குமா? கீழ தண்ணி மிஷின் கேடு. உம்மாக்கு மாத்திர போடணும்.”

“இதுக்கு என்ன கேள்வி தங்கச்சி?” என்று சொல்லி ஞானசிங் கிளாஸ் நிறைய ஊற்றினார். நிறத்தைப் பார்த்துவிட்டு அவள் “பதிமுகமா?” என்று கேட்டாள். அவ்வளவு போதாதா அவருக்கு? மரத்தின் கதை, பன்னிரண்டு வருடக் காத்திருப்பு, ரசலையனின் வயிறு, கடைசியில் வெள்ளை கோட்டுக்காரரின் வீடியோ வரை வந்தார். “ரத்தத்துக்கு அவ்வளவு நல்லதாக்கும். ரத்தத்த அப்பிடியே எளக்கி ஓட விடும்.”

ரஸீனாவின் கை உம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

“உம்மாக்கும் ரத்தம் எளக்குற மாத்திரதான் அண்ணே. கீரகூட அளந்துதான் திங்கணும்னு சொல்லிருக்காங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கட்டா? கோவிச்சுக்காதீங்க.” கிளாஸை மேசையில் வைத்து ஒரு தட்டால் மூடினாள்.

“இது மருந்தா கேட்டுக் குடிக்க? வெறும் வெள்ளம்” என்றார் ஞானசிங். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேறு யாரிடமோ தண்ணீர் கேட்கப் போனாள். அவர் கொடுத்ததை இதுவரை யாரும் மூடி வைத்ததில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், ‘எளக்கி ஓட விடும்’ என்று தான் சொன்ன வார்த்தை, தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

பத்து மணிக்கு தங்கபாய் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். “தல பொளக்குது” என்றாள். உடனே வாந்தி. நர்ஸ் ஓடினாள், டாக்டர் ஜெனிலா வந்தாள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஸ்கேன் என்றாள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரக் கட்டிலில் போகும்போது தங்கபாயின் கை அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. ஸ்கேன் அறை வாசலில் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தார்கள். கதவு சாத்தியது.

“பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வையுங்க. நான் வந்து பாக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலை மடியில் விரித்தார். தோளில் பிளாஸ்க் தொங்கியது. வார்டில் வைத்துவிட்டு வர மறந்திருந்தார். எண் எழுதும் அட்டை மேலாக இருந்தது. மாதா மாதம் அவர்தான் கூட்டிப்போனார், ஆனால் அந்த எண்களை ஒரே மூச்சில் கீழே வரை வாசித்தது இப்போதுதான்.

போன வருடம் பங்குனியிலிருந்து வைகாசி வரை: இரண்டு புள்ளி ஆறு, இரண்டு எட்டு, இரண்டு ஏழு. ஆனியில் மூன்று மூன்று. ஆடியில் மூன்று ஒன்பது. மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். ஆவணியில் சரி. ஐப்பசி முடிவில் இரண்டு. மார்கழியில் ஒன்று எட்டு. இதோ, மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். தையிலிருந்து மறுபடி ஒழுங்கு. இந்த வருடம் ஆனி பாதியில் மூன்று ஆறு. ஆடியில் மழை என்று பார்க்கப் போகவில்லை. இப்போது ஏழு.

வேறு யார் பார்த்தாலும் அது எண்தான். ஞானசிங்குக்கு அது மரம். ஆனியில் பழம், புதுத் தொலி. ஊருக்கெல்லாம் கொடுத்து ஐப்பசியில் டப்பா காலி, அப்புறம் சீரகம். மறுபடி ஆனியில் தொலி. இந்த வருடம் காய்ப்பு கூடுதல் என்று கைகொள்ளும் அளவு அள்ளிப் போட்டார். அட்டையில் விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டாவது தடவையும் போனார். மூன்றாவது தடவை போகவில்லை. உள்ளங்கை வியர்த்து அட்டை நனைந்தது.

எழும்பினார். நடையின் கோடியில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. பிளாஸ்கைத் திறந்து கவிழ்த்தார். ஆவியோடு இளஞ்சிவப்பு வெள்ளம் சுழன்று இறங்கியது. நிறுத்தியாயிற்று, இனி கொடுக்கப் போவதில்லை, எண் தானாக இறங்கிவிடும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மனம் கணக்குப் போட்டது. சொன்னால்? நர்ஸ் கொட்டிய பையை எல்லாரும் பார்த்ததுபோல் இதையும் பார்ப்பார்கள். பெண்டாட்டிக்குக் கையாலேயே கொடுத்திருக்கிறான் என்று ஊர் சொல்லும். அஞ்சு என்ன சொல்வாள்? இரண்டு தடவை கேட்டாளே. பிளாஸ்கின் அடியில் நாலு துண்டு தொலி ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. குழாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். குழாயில் கையை வைத்தார்.

“ஃபைல் எங்க?” பின்னால் டாக்டர் ஜெனிலா. அவள் முகத்தில் பொறுமை தீர்ந்திருந்தது. “ஸ்கேன் முடியப் போகுது. உங்கள்ட்ட சொல்லிரணும். ரத்தத்தக் கட்ட வைக்கிற மருந்து கூட்டிக் குடுத்தா அந்த வால்வு அடைச்சிரும். குடுக்காம விட்டா தலையில கசியும். காரணம் தெரிஞ்சா எனக்கு ஒரு வழி இருக்கு. தெரியல. ஈரல் கெட்டிருக்கா, வேற நோயான்னு ஒவ்வொண்ணா தேடணும். அதுக்கு நேரம் இல்ல.”

ஞானசிங் குழாயிலிருந்து கையை எடுத்தார். பிளாஸ்கை அவளுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார்.

“இதாக்கும் டாக்டரே” என்றார். “மங்குஸ்தான் தொலி. இதப் போட்டுத்தான் வெள்ளம் காச்சிக் குடுத்தேன். ஆனியில இருந்து தெனமும். இஞ்ச வந்த பெறவும் குடுத்தேன். இண்ணு காலத்தயும் ஒரு கிளாஸ் குடுத்தேன்.”

அவள் பிளாஸ்க்குள் பார்த்தாள். விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். “ஒரு பானைக்கு எத்தனை?”

“பதினஞ்சு. கூடவும் இருக்கும்.”

“நாளைக்கு எவ்வளவு குடிப்பாங்க?”

“ரெண்டு லிட்டர். நான் பக்கத்துல நிண்ணு குடிக்க வைப்பேன்.”

பெஞ்சில் கிடந்த ஃபைலிலிருந்து அட்டையை எடுத்து, எந்த மாதம் தொலி, எந்த மாதம் சீரகம் என்று கேட்டு எண்களுக்குப் பக்கத்தில் குறித்தாள். “இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இதப்பத்தி எங்களுக்கே தெரிஞ்சது கொஞ்சம். ஆனா இது ரத்தத்த எளக்கலாம், மாத்திரையோட வேகத்தக் கூட்டலாம்னு ஒரு சந்தேகம் உண்டு. இந்த அட்டையும் அப்படித்தான் சொல்லுது. முதல் நாளே ஏன் சொல்லல?”

“நீங்க மருந்துண்ணுலா கேட்டிய. இது வெள்ளம் டாக்டரே.”

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் திட்டவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, “வேற யாருக்கும் குடுத்திருக்கீங்களா? இருதயத்துக்கோ ரத்தத்துக்கோ மாத்திர சாப்பிடுறவங்க?” என்று கேட்டாள்.

ரசலையன். போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. பத்து நாள் முன்பு அவருக்கு ஒரு டப்பா தொலி கொடுத்தனுப்பியது ஞானசிங்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவர் டாக்டரிடம் என்னவோ சொன்னார். டாக்டர் திரும்பி, “தலையில கசிவு இல்ல. இப்ப வரைக்கும் இல்ல. இனி வெளியே இருந்து ஒரு சொட்டு எதுவும் குடுக்காதீங்க. அளவா மருந்து ஏத்திப் பாக்கலாம்” என்றாள். ஞானசிங் பெஞ்சில் உட்காரப் போனவர் பெஞ்சைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ரப்பர் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை அது. முகத்தை முழுக்க மறைத்தது.

தங்கபாயை வார்டுக்குக் கொண்டுவந்து ஊசி போட்டார்கள். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து ஞானசிங் கட்டிலோரத்தில் நின்றே போன் பண்ணினார். எஸ்டேட்டில் மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசத் தெரியாது.

“லே ரசலையா, நான் தந்த தொலி இருக்கா? தூக்கிக் களை. ஒரு சொட்டு குடிச்சிராத, டாக்டர்ட்ட கேளு. என்னவா? எனக்க தங்கபாய்க்கு நான்தான் டே இத வரவச்சேன். நானே காச்சிக் குடுத்தேன். யாரு கேட்டாலும் சொல்லு, சிங்கு சொன்னாண்ணு சொல்லு. ஆரெல்லாம் எனக்கிட்ட வாங்கினாவளோ அவியளுக்கெல்லாம் சொல்லு.” வார்டு முழுக்கக் கேட்டது. ரஸீனா தன் மேசையில் மூடி வைத்திருந்த கிளாஸை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாஷ்பேசினுக்குப் போனாள். அடுத்து அவர் அஞ்சுவின் எண்ணைத் தேடினார்.

“அவளுக்கு நான் சொல்லுகேன்” என்றாள் தங்கபாய். கண் திறந்திருந்தது. “நீங்க இப்பம் பேசினா அழுவிய. அவ பயந்திருவா.”

“நீ கேட்டுட்டியா?”

“மார்த்தாண்டம் சந்தையில நிக்கியவனுக்கும் கேட்டிருக்கும்.”

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவள்தான் பேசினாள்.

“கசக்கும் அது. நாக்குல ஒட்டிப் பிடிக்கும். சீரகம் போட்ட மாசம் எனக்கு எவ்வளவு ஆசுவாசமா இருக்கும் தெரியுமா?”

“பின்ன எதுக்குட்டி குடிச்ச? வேண்டாமுண்ணு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?”

தங்கபாய் மூக்கிலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “முப்பத்திரெண்டு வருசம் நான் காச்சி நீங்க குடிச்சிய. ஒரு நாளு நீங்க எனக்குக் காச்சிக் கொண்டு தந்திய, புருவத்தயும் கரிச்சுக்கிட்டு. அத எப்பிடி நான் வேண்டாமுண்ணு சொல்ல?”

அவர் அவள் கையைப் பிடித்தார். பாடு இல்லாத ஒரு இடம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

“நாளைக்கு சும்மா வெள்ளம் கொண்டு வாங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டு” என்றாள். “நீங்கதான் காச்சணும். ரசலையனுக்க மருமவள்ட்ட சொல்லிராதீங்க.”

மறுநாள் காலையில் ஞானசிங் பிளாஸ்கை வெந்நீர் ஊற்றி ஐந்து தடவை கழுவினார். பானையில் தண்ணீர் வைத்து, எதுவும் போடாமல், அது கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். ஆஸ்பத்திரியில் எண் ஐந்து புள்ளி நான்கு. டாக்டர் பிளாஸ்கைத் திறந்து, முகர்ந்து, கிளாஸில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொடுங்கள் என்றாள். தங்கபாய் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடாமல், கடைசி வரை குடித்தாள்.